மீனும் வெயிலும் இருக்கிற ஊரில் சத்து மாத்திரை யாருக்கு வேண்டும்?

கீழக்கரையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிப் பார்க்கிறேன். குடும்பத்தில் ஐந்து பேர், ஐவரும் ஏதோ ஒரு சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வாப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை; மெட்பார்மினுடன் மருந்துக்கடையில் தானாக வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலையும் போடுகிறார், பாதம் எரிகிறது என்கிறார். உம்மா மூட்டுவலிக்காகக் கால்சியம் மாத்திரையும் வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் எடுத்துக்கொள்கிறார். ராத்தா (அக்கா) ஐந்து மாதக் கர்ப்பிணி. செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டு, ரியாத்திலிருந்து காக்கா (அண்ணன்) கொடுத்தனுப்பிய மல்டிவைட்டமினைச் சாப்பிடுகிறார். காக்காவும் அதையேதான் சாப்பிடுகிறார்; அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 45 இருந்ததால் குறை ஒன்றுமில்லை என்று இருக்கிறார். உங்களுக்கு முடி கொட்டுவதால் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். “தினமும் மீன் சாப்பிடுகிறோம், தலைக்கு மேலே வெயில், இதற்கு மேல் எதற்கு மாத்திரை, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?” என்பது உங்கள் கேள்வி. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் ஒருவர் உடனே நிறுத்த வேண்டும், ஒருவர் உடனே மறுபடியும் தொடங்க வேண்டும், ஒருவர் சாப்பிடுவது அவருக்குப் போதாமலே இருக்கலாம்.

நான் மருத்துவர் அல்ல, மருந்தாளுநர். மண்டபம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது பாம்பனில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன். எந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்யும், எதனோடு சேராது, எவ்வளவு தாண்டினால் கெடுதல் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வாப்பாவின் பாத எரிச்சலுக்குக் காரணம் இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அதை அவரைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதேபோல எங்கள் கரையில் யார் எதை வாங்குகிறார்கள் என்று நான் சொல்வது கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. அது கணக்கெடுப்பு ஆகாது.

முறையான கணக்கெடுப்பு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 2017-18 தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 57.6 விழுக்காட்டினர் முந்தைய 30 நாளில் ஏதாவது ஒரு சத்துக் கூடுதல் எடுத்திருந்தார்கள். பெண்களில் 63.8, ஆண்களில் 50.8. வயது ஏற ஏற அளவும் ஏறி, 60 வயதைத் தாண்டிய பெண்களில் 80 விழுக்காட்டைத் தொட்டது. படிப்பும் வருமானமும் உள்ளவர்கள், புகைக்காதவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள்தான் அங்கே அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை சாப்பிட்டவர்கள் நலமாக இருந்தார்கள் என்று செய்தி வரும்போது, நலமாக இருந்தவர்கள்தான் மாத்திரை சாப்பிட்டார்களோ என்று முதலில் கேட்க வேண்டும். ஏற்கெனவே நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர் கையில்தான் மாத்திரையும் இருக்கிறது. எங்கள் கரையிலும் அப்படித்தான்.

ஆனால் இங்கே மாத்திரை வீட்டுக்குள் வரும் வழி வேறு. ஒரு வழி, பழைய மருந்துச் சீட்டு. எப்போதோ ஒரு காய்ச்சலுக்கோ மூட்டுவலிக்கோ மருத்துவர் ஒரு மாதத்துக்கு எழுதியது, மடிப்புக் கிழிந்து எழுத்து மங்கிய பிறகும் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் நிறுத்தவில்லை. உங்கள் உம்மாவின் வைட்டமின் டி பாக்கெட் இந்த வகை என்று நினைக்கிறேன். இன்னொரு வழி, சபுராளிகளின், அதாவது வெளிநாடு போய் வருகிறவர்களின், பெட்டி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று வெளிநாட்டுப் போக்குவரத்து உள்ள ஊர்களில் தைலம், சோப்பு, பேரீச்சம்பழத்தோடு நூறு, இருநூறு மாத்திரை உள்ள டப்பாவும் வந்து இறங்குகிறது. அன்பளிப்பாக வந்ததால் வயது, கர்ப்பம், வேறு மருந்து எதையும் பார்க்காமல் வீடு முழுக்கப் பங்கு போகிறது.

மூன்றாவது வழிதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் நாளில் படகுக்குப் போகிறவர்கள் அவசரமாக வந்து நிற்பார்கள். வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். அட்டையிலிருந்து நான்கு நான்காக வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வெட்டின துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. இரவெல்லாம் வலை இழுத்த உடம்புக்கு ஓய்வும் தண்ணீரும் சாப்பாடும் தேவை. அதற்கு நேரம் இல்லாததால் நான்கு மஞ்சள் கேப்சூலை வாங்குகிறார்கள். மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறார்கள். அந்த மஞ்சள் ரைபோபிளேவின், அதாவது பி2. உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுவதால் வரும் நிறம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த விற்பனை படுத்துவிடும். காய்ச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரை விற்பனை படுக்காது. கையில் காசு இருந்தால் வாங்குவது, இல்லாவிட்டால் விடுவது என்ற இடத்தில்தான் சத்து மாத்திரையை எங்கள் மக்கள் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு குறையும் மாதங்களிலேயே மாத்திரையும் நின்றுபோகிறது.

இனி மீனும் வெயிலும். மீன் சாப்பிடுகிறவருக்கு பி12 உணவிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. இந்தியாவில் சைவ உணவுக்காரர்களிடம் பரவலாகக் காணும் பி12 குறை உங்களுக்கு வருவதற்கான வாய்ப்பு குறைவு. நெத்திலி, சூடை போன்ற பொடி மீன்களை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேர்கிறது. சாளை போன்ற கொழுப்பு மீனில் வைட்டமின் டியும் ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. ஆனால் மீனில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அது கீரையிலும் பயறிலும் இருப்பது. வைட்டமின் சி கிடையாதென்றே வைத்துக்கொள்ளலாம். மண் உவர்ந்து, மழை பொய்த்து, கீரையும் காயும் வெளியிலிருந்து வந்து விலை ஏறி விற்கும் எங்கள் கரையில் தட்டில் உண்மையான பள்ளம் இந்தப் பக்கம்தான். சோறு, மீன் குழம்பு, கருவாடு என்று மூன்று வேளையும் முடிந்துவிடுகிற வீட்டுக்கு முருங்கைக் கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகிய மூன்றும் டப்பா மாத்திரையைவிட அதிகம் கொடுக்கும்.

வெயில் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலின் புறஊதா பி கதிர். அது வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் தரைக்கு வேண்டிய அளவு வரும். காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் உடம்புக்கு இதம், வைட்டமினுக்கு அதிகம் உதவாது. கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும். துணி மூடிய இடத்தில் அநேகமாக உண்டாகாது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளில் வயலில் வேலை செய்யும் கிராமத்து மக்களிடம்கூடப் பலருக்கு அளவு குறைவாக இருந்தது. நகரவாசிகளிடம் இன்னும் குறைவு. ஆகவே ஊரில் வெயில் அடிக்கிறது என்பதும் உங்கள் உம்மாவின் தோலில் வெயில் படுகிறது என்பதும் ஒன்றல்ல. பகல் முழுவதும் வீட்டுக்குள் இருந்து, வெளியே வரும்போது முழுக்க மூடி வருகிறவருக்குக் கடலோரமும் மலைநாடும் ஒன்றுதான். ரியாத்தில் குளிர்சாதன அறைக்குள் வேலை பார்க்கும் உங்கள் காக்காவுக்கும் இது பொருந்தும். வேதாளை, மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் நடுப்பகலில் மணிக்கணக்காகத் தண்ணீரில் நிற்கிறார்கள். ஆனால் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையுறையும் மாட்டியிருப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதைப் பரிசோதித்துப் பார்க்காமல் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இதனால் உம்மா அந்த டி பாக்கெட்டைத் தொடரலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் உடனே நிறுத்த வேண்டியவர் அவர்தான். அந்தச் சிறிய பாக்கெட்டில் இருப்பது 60,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). குறை உறுதியானவருக்கு வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுத்து, பிறகு மாதம் ஒன்று என்று குறைப்பது வழக்கமான முறை. உம்மா ஒரு வருடத்துக்கு மேலாக வாரம் தவறாமல் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாள் கணக்கில் பிரித்தால் எட்டாயிரத்து ஐந்நூறு ஐ.யு.வைத் தாண்டுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 ஐ.யு., தாண்டக் கூடாத எல்லை 4,000. பி, சி வகைகள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குபவை. டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசி போகும், குமட்டும், மலம் கட்டும், தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், முற்றினால் சிறுநீரகம் கெடும், மனம் குழம்பும். கூடவே கால்சியம் மாத்திரையும் போவதால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றில் கால்சியமும் டியும் சேர்த்து எடுத்த அணியில் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது. வியர்த்துக் கொட்டும் எங்கள் கரையில் கல்லடைப்பு ஏற்கெனவே சாதாரணம். இவற்றில் எதுவும் உம்மாவுக்கு இல்லாமல் இருக்கலாம். வாரம் ஒன்று எடுத்த பலர் ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். ஆனாலும் பாக்கெட்டை நிறுத்தி, ரத்தத்தில் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு முடிவு செய்ய வேண்டும். மூட்டுவலி தேய்மானத்தால் வந்தது என்றால் டி பாக்கெட் அதைத் தீர்க்காது. கால்சியத்துக்குக் கேழ்வரகு நல்ல வழி. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. வயது வந்தவருக்கு ஒரு நாள் தேவை 1,000 மில்லிகிராம்.

எந்த அளவுக்குக் கீழே போனால் டி குறை என்பதிலேயே வல்லுநர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011இல் சொன்னது. அதே ஆண்டு அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024இல் அந்த 30 என்ற வரம்பைத் தானே விலக்கிக்கொண்டு, நோய்க்குறி இல்லாதவர்களுக்குப் பொத்தாம் பொதுவாகப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஆய்வகத் தாளில் 30க்குக் கீழே எல்லாம் தடித்த எழுத்தில் வருவதைப் பார்த்து நடுங்க வேண்டாம். 12க்குக் கீழே இருந்தால் யாருக்கும் சந்தேகம் இல்லை, மருத்துவம் வேண்டும். 20க்கும் 30க்கும் நடுவில் இருப்பவர் மாத்திரை எடுத்தால் நன்மை உண்டா என்பது தீராத வழக்கு.

வாப்பாவின் விஷயம் இதற்கு நேர் எதிர். மெட்பார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் உள்ளே இறங்கும் வழி அடைபட்டால் பயன் இல்லை. வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் வகை மாத்திரையையும் தினமும் போடுகிறார் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். சர்க்கரையாலும் பாதம் எரியும், பி12 குறைந்தாலும் பாதம் எரியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவர் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பி12 பெரும்பாலும் 15 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். உறிஞ்சுவதில் பழுது உள்ளவருக்கு மருத்துவர்கள் கொடுப்பது 1,000 மைக்ரோகிராம் அளவில் மாத்திரை அல்லது ஊசி. அதாவது மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியிலேயே குறை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். இதில் இன்னொரு ஆபத்து ஃபோலிக் அமிலம். கடையில் கிடைப்பது 5 மில்லிகிராம். அதை பி12 குறை உள்ளவர் எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோலத் தெரியும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆகவே பி12 ரத்தப் பரிசோதனை ஒன்றை இந்த மாதமே எடுங்கள். அதுவரை புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மெட்பார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதனால் வரும் கேடு மிகப் பெரிது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டு வாசலிலேயே சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர் என்றால், மாத்திரை வந்துவிடுகிறது என்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கம் போகாமலே இருந்துவிடக் கூடாது. பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாத எரிச்சலுக்கு ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பழக்கமும் எங்கள் பக்கம் வேரூன்றிவிட்டது. அவற்றில் பலவற்றில் பி6, அதாவது பைரிடாக்சின், அதிக அளவில் இருக்கும். பி6 மிஞ்சினால் அதுவே கை கால் மரத்துப்போகச் செய்யும். எவ்வளவு வரை பாதுகாப்பு என்பதில் நாடுகளே உடன்படவில்லை: அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் எல்லை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் எல்லையை 12 ஆக இறக்கியது. இரண்டு மாத்திரைகளில் பி6 இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

ராத்தா விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் அந்தச் சிவப்பு மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிறகு பிள்ளை பெற்ற பின் 180 நாள் என்பது அரசு வகுத்த கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எங்கள் கரைப் பெண்கள் இதற்கு விலக்கல்ல; மீனில் இரும்பு உண்டென்றாலும் கர்ப்பிணிக்கு அது எட்டாது. இலவசமாகக் கிடைப்பது தரமற்றது, டப்பாவில் வெளிநாட்டு எழுத்தோடு வந்தது உயர்ந்தது என்ற எண்ணத்தால் எத்தனையோ சிவப்பு மாத்திரைகள் பரணில் கிடக்கின்றன. மலம் கறுத்துப் போவது இரும்பு போனதன் அடையாளம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு படுக்கும் முன் எடுக்கலாம். டீயோடு விழுங்கக் கூடாது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம், காலை ஒன்று இரவு ஒன்று. அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்துவதற்குப் பதிலாக மருத்துவரிடம் வேறு வகை இரும்பு கேட்க வேண்டும். காக்கா அனுப்பிய டப்பாவில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் எவ்வளவு இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஏ அதிகமானால் கருவுக்குக் கேடு, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில். மருத்துவர் பார்க்கும்வரை அந்த டப்பாவை அவர் தொட வேண்டாம். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போது கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். முதுகெலும்புப் பிளவுக் குறைபாடு உள்ள பிள்ளை ஏற்கெனவே பிறந்த தாய்மாருக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது மறுபடி அது வருவது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை காட்டியது. மொத்தச் சத்து மாத்திரை உலகத்திலும் இவ்வளவு தெளிவான சான்று உள்ளவை சிலவே.

உங்கள் வீட்டில் ரேஷன் அரிசி சமைப்பீர்கள் என்றால், யாரும் வாங்காமலே எல்லாருக்கும் ஒரு சத்து மாத்திரை போய்க்கொண்டிருக்கலாம். நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்திருக்கும் செறிவூட்டப்பட்ட அரிசியைச் சொல்கிறேன். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்தது அது. முறத்தில் பரப்பினால் மற்ற அரிசியைவிடச் சற்று மஞ்சளாக, வழவழப்பாகத் தெரியும். கழுவும்போது சில மிதக்கும். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்கு வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூவருக்கும் ரத்தசோகை, ஒருத்தி அன்று காலைதான் என்னிடம் சத்து டானிக் வாங்கிப் போனவர். பொறுக்கி எறியாதீர்கள், மிதப்பதை வடித்துக் கொட்டாதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

பொதுவான மல்டிவைட்டமின் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. 14,641 ஆண் மருத்துவர்களை வைத்து அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மேல் நடந்த சோதனையில் புற்றுநோய் 8 விழுக்காடு குறைந்தது என்று 2012இல் முடிவு வந்தது, இதயநோய் குறையவில்லை. வைட்டமின் டியைத் தனியாக 25,871 பேரிடம் சோதித்தபோது புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் மல்டிவைட்டமினுக்கு ஆதரவாகவோ எதிராகவோ சொல்லச் சான்று போதாது என்று முடித்தது. ஆகவே காக்கா ஒன்று சாப்பிடுவதால் கெடுதல் இல்லை என்றே சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு: அவர் சிகரெட் பிடிப்பவராக இருந்தால், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ள டப்பா வேண்டாம். பின்லாந்தில் புகைப்பவர்களிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. 1994இல் அது வெளியானபோது நன்மையை எதிர்பார்த்திருந்த உலகம் அதிர்ந்தது. வைட்டமின் ஈ 400 ஐ.யு. எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011இல் வந்ததும் அதே வகை. சத்துதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டையும்தான்.

உங்கள் பயோட்டினுக்கு வருகிறேன். உண்மையான பயோட்டின் குறை மிக அரிது. குறை இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. உப்புத் தண்ணீர்க் குளியலைக் காரணம் சொல்கிறீர்கள். தண்ணீரால் முடி முரடாகி ஒடியலாம். வேரோடு கொட்டுகிறது என்றால் இரும்புக் குறை, தைராய்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பயோட்டினே பல ஆய்வகங்களின் தைராய்டுப் பரிசோதனையைக் குழப்பும். இல்லாத தைராய்டு மிகுதி இருப்பதாகத் தாளில் வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையையும் அது கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாளாவது முன்னால் நிறுத்திவிடுங்கள். ரத்தம் எடுப்பவரிடம் சாப்பிட்டு வந்ததையும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. களைப்பு என்று போனால் குளுக்கோஸ் பாட்டிலில் பி காம்ப்ளெக்ஸ் கலந்து மஞ்சளாக ஏற்றிவிடுவது எங்கள் கரையில் இன்னும் நடக்கிறது. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை. பி1 ஊசி அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கொடுத்ததுண்டு. அதைவிட மோசம் ‘உடம்பு போட’ என்று கல்யாணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மாத்திரை. அதில் சத்து எதுவும் இல்லை. பசியைத் தூண்டும் ஒவ்வாமை மருந்தும் சில நேரம் ஸ்டீராய்டும்தான் இருக்கும். முகம் உப்புவதைச் சதை பிடித்ததாக எண்ணி மகிழ்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எலும்புத் தேய்வும் பின்னால் வரும். தொடர்ந்து எடுத்தவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. உங்கள் உறவில் யாராவது இதை எடுத்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் உள்ள எல்லா அட்டையையும் டப்பாவையும் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டு, வாப்பா, உம்மா, ராத்தா மூவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயர் சொல்வதைவிடப் பொருளைக் காட்டுவது நல்லது. எழுதும் ஒவ்வொரு சத்து மாத்திரைக்கும் எத்தனை வாரம் என்று மருத்துவரிடமே கேட்டு, அட்டையின் பின்புறம் முடிவுத் தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ராத்தாவோ வேறு யாருமோ தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால், அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் வைட்டமின் கே, ஈ இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

காக்காவின் 45 பற்றி: அந்தத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இங்குள்ள ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று கொடுக்கும். அங்கே பெரும்பாலும் லிட்டருக்கு நானோமோல் என்று கொடுப்பார்கள். 50 நானோமோல்தான் நம் கணக்கில் 20 நானோகிராம். அவருடைய 45 நானோமோலாக இருந்தால் நம் கணக்கில் 18. அப்படியானால் அவர் அங்குள்ள மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாப்பாவின் பி12 தாளிலும் இதே வித்தியாசம் வரலாம், ஆகவே முடிவு வந்ததும் எண்ணையும் அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.